டவர் ஃபுல்லா கீது, நெட்டு வரல

“இன்னாடா இது, டவர் ஃபுல்லா கீது, நெட்டு மட்டும் வரவே மாட்டேங்குது.”

குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்ததும் முதலில் சொன்னது இதைத்தான். அப்போது நான் ராணிப்பேட்டையில் வேலை முடிந்து சத்துவாச்சாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் இரைச்சலிலும் அக்காவின் குரலில் இருந்த பதற்றம் தெளிவாகக் கேட்டது. அக்கா மகள் பாப்பாவுக்குப் பொறியியல் கவுன்சிலிங். விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிவு செய்யக் கொடுத்த நாட்களில் ஒன்று முழுசாகப் போய்விட்டது.

“ஸ்கிரீன்ல இன்னா போட்டுக்கீது, அப்படியே படிச்சுச் சொல்லுக்கா.”

“நோ இன்டர்நெட், செக்யூர்டுன்னு போட்டுக்கீது. வைஃபை கோடு எல்லாம் நெறைஞ்சிதான் கீது.”

வீட்டுக் கம்ப்யூட்டரை இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் வைஃபை கார்டு போய்விட்டது என்றார். இன்னொருவர் ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம், அப்படியும் வரவில்லை என்றால் பழைய மிஷினில் காசைப் போடாமல் லேப்டாப்பாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மாமாவுக்கு லுங்கித் தறிக்காரர்களோடுதான் வரவு செலவு. ஆனி மாதத்தில் லேப்டாப் வாங்கும் பணம் அவர்களிடம் எங்கே இருக்கும்? ஃபார்மட் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாண போட்டோவும், பாப்பா சின்ன வயதில் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அப்பா தோள்மேல் உட்கார்ந்து எடுத்த போட்டோவும் போய்விடும். வேறெங்கும் அவற்றை எடுத்து வைக்கவில்லை.

செல்போனிலேயே பதிவு செய்யக்கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் நூறு நூற்றைம்பது வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் கல்லூரி எண், பாடப்பிரிவின் குறியெழுத்து. அதைக் கையகலத் திரையில் மேலும் கீழும் நகர்த்தி அடுக்கும்போது ஒரு விரல் தவறினால் நாற்பதாவது நாலாவதாகிவிடும். நாலு வருடப் படிப்பை அந்த வரிசைதான் முடிவு செய்யப் போகிறது. பெரிய திரையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

2018க்கு முன்பு இந்தக் கவுன்சிலிங்குக்கு நேரில்தான் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் விடியற்காலையே எழுந்து, காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்னையில் இறங்கி அண்ணா பல்கலைக்கழகம் போய் நிற்பார்கள். பெரியப்பா மகனோடு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். கையில் ஃபைல், பையில் புளிச்சோறு, அரங்கத்துத் திரையில் கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும் இடங்கள். 2018இலிருந்து அது ஆன்லைனுக்கு மாறியது. அந்த ரயில் பயணத்தின் இடத்தில் இன்று வீட்டுக்குள் வரும் ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. ரயில் ஓடவில்லை என்றால் எங்கே நிற்கிறது, ஆம்பூரிலா வாணியம்பாடியிலா என்று கேட்போம். நெட் வரவில்லை என்றால் மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மிஷினை மாற்று என்கிறார்கள்.

மறுநாள் காலை காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகப் போகும் பஸ்ஸில் குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒன்று புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும். கம்ப்யூட்டர் மூலையில் தெரிகிற வைஃபை குறி, நாம் “டவர்” என்று சொல்கிற அது, கம்ப்யூட்டருக்கும் வீட்டிலுள்ள ரௌட்டர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை மட்டும்தான் சொல்கிறது. ஹாலில் பெட்டி, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் என்றால் அந்தப் பதினைந்து அடியில் ரேடியோ அலை நன்றாக வருகிறதா என்பதுதான் அதன் கணக்கு. பெட்டிக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் ஊர், ஊருக்கு அப்பால் உலகம். அவை எதைப் பற்றியும் அந்தக் குறிக்குத் தெரியாது. முனிசிபாலிட்டி குழாய் சுவரில் ஆடாமல் அசையாமல் இருக்கும், திருகினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும் அல்லவா? குழாய் உறுதியாக இருக்கிறது என்பதைச் சொல்வது டவர். தண்ணீர் வருகிறதா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் ‘நோ இன்டர்நெட்’ என்று விண்டோஸ் எதை வைத்துச் சொல்கிறது? அது நெட்வொர்க்கில் சேர்ந்த உடனே, நமக்குத் தெரியாமல், மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஒரு முகவரிக்குப் போய் ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் கேட்கிறது. அந்தக் கோப்பில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று வார்த்தைகள் மட்டும் இருக்கும். அவை சரியாக வந்து சேர்ந்தால் நெட் இருக்கிறது. வராவிட்டால், அல்லது அந்த இடத்தில் வேறு எதாவது வந்தால், நெட் இல்லை. அவ்வளவுதான் பரிசோதனை. வரவில்லை என்று மட்டும் சொல்லும், எந்த இடத்தில் நின்றது என்று சொல்லாது. அதை நாம்தான் கிட்ட இருந்து எட்டப் போய்த் தேட வேண்டும்.

அக்கா வீட்டில் நான் முதலில் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை. “பாப்பா, உன் செல்லுல மொபைல் டேட்டாவ அணைச்சுட்டு, இதே வைஃபைல ஏதாவது ஒண்ணு தேடு.” டேட்டாவை அணைக்காமல் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வைஃபையில் நெட் இல்லை என்று கண்டால் செல் சத்தமில்லாமல் சிம் பக்கம் தாவிவிடும். பாப்பா அணைத்துவிட்டுத் தேடினாள். பக்கம் உடனே வந்தது.

இந்த அரை நிமிடத்தில் பாதி உலகம் கழிந்துவிட்டது. தெருக் கம்பி சரி, கேபிள்காரர் சரி, கட்டின பணம் சரி, பெட்டியும் சரி. குறை கம்ப்யூட்டரிலோ, கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் உள்ள பேச்சிலோதான் இருக்கிறது.

“அந்த ஆளும் அவரு செல்லுல ஹாட்ஸ்பாட் போட்டுப் பாத்தாரு மாமா. அதுலயும் இதே மாதிரிதான் வந்துச்சு. அதனாலதான் கார்டு போச்சுன்னாரு” என்றாள் பாப்பா.

அவர் செய்த பரிசோதனை நல்ல பரிசோதனைதான். எடுத்த முடிவுதான் தப்பு. கார்டு போயிருந்தால் டவரே நிறைந்திருக்காது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு சேர்ந்திருக்கவே முடியாது. எந்த வைஃபையோடும் சேர்கிறது, எதிலும் நெட் இல்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய ஏற்பாட்டைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறது.

விண்டோஸ் பட்டனைத் தட்டி சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினேன். கறுப்புத் திரை வந்தது. அதில், கம்ப்யூட்டரின் நெட் எண்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை அடித்தேன். சரசரவென்று வரிகள் ஓடின. வயர்லெஸ் லேன் என்ற தலைப்பின் கீழே மூன்று எண்கள். அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைமேல் விரலை வைத்துப் படித்தாள். “192.168.0.25. அப்பறம் 255.255.255.0. கடேசில 192.168.0.1.”

“பாப்பா, இப்ப உன் செல்லுல வைஃபை மேல அழுத்திப் பிடி. ஐபி அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும், படி.”

“192.168.1.7 மாமா. கேட்வேன்னு 192.168.1.1 போட்டுக்கீது.”

அக்காவின் விரல் திரையிலேயே நின்றது. “இங்க சைபர், அங்க ஒண்ணு.”

அவள்தான் கண்டுபிடித்தாள். நான் சொல்லவில்லை.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. 255.255.255.0 என்று இரண்டாவது வரியில் இருந்தால், முதல் மூன்று பகுதிகளும் தெருப் பெயர், கடைசிப் பகுதி கதவு எண் என்று வைத்துக்கொள்ளலாம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் புழங்குவதற்காக 1990களிலேயே ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் குடியாத்தத்திலும் சத்துவாச்சாரியிலும் டோக்கியோவிலும் ஒரே மாதிரி எண்களைப் பார்க்கிறோம். கேட்வே என்பது அந்தத் தெருவின் வாசல். வெளியே போக வேண்டிய எதுவும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அக்கா வீட்டுத் தெரு 192.168.1, வாசல் 192.168.1.1. ஆனால் கம்ப்யூட்டர் தான் 192.168.0 தெருவில் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு, இந்த வீட்டில் இல்லவே இல்லாத 192.168.0.1 என்ற வாசலைத் தட்டிக்கொண்டே இருந்தது. வைஃபையில் சேர்வதற்கு இந்த எண் தேவையே இல்லை, பாஸ்வேர்டு சரியாக இருந்தால் போதும். அதனால் டவர் மட்டும் நிறைந்து நின்றது.

உறுதி செய்துகொள்ள பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 192.168.1.1 என்று போட்டேன். பிங் என்பது ‘இருக்கிறாயா’ என்று ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பது. நாலு முறை கூப்பிடும். நாலு முறையும் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்றே வந்தது. பதினைந்து அடி தள்ளி இருக்கும் பெட்டியையே எட்ட முடியவில்லை.

சாதாரணமாக இந்த எண்ணைப் பெட்டிதான் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் போன உடனே டோக்கன் கொடுப்பது போல, சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். இந்தக் கம்ப்யூட்டர் அந்த டோக்கனைக் கேட்காததற்குக் காரணம் அதன் பூர்வீகம். மாமா அதை வாங்கியது மூடிவிட்ட ஒரு மொத்த வியாபார ஆபீசிலிருந்து. அங்கே பில் போடுகிற முக்கியமான கம்ப்யூட்டராக இருந்திருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்கள் அதைத் தேடி வர வேண்டும் என்பதால் எண் மாறாமல் இருக்க யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் செருகியிருந்த யூஎஸ்பி வைஃபை டோங்கிளும், அதாவது அந்த ஆள் கார்டு என்று சொன்ன குட்டிக் கருவியும், அங்கிருந்தே கூட வந்தது. அந்த எண் அதற்குத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆபீஸ் மூடின பிறகும் கம்ப்யூட்டர் அந்த விலாசத்தை விடவில்லை.

சரிசெய்ய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சின்னப் பெட்டி வரும். அதில் என்சிபிஏ, ஒரு புள்ளி, சிபிஎல் என்று அடிக்க வேண்டும். வைஃபை என்பதன்மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4. உள்ளே பழைய எண்கள் உட்கார்ந்திருந்தன. மாற்றுவதற்கு முன்பு அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தேன். எதை மாற்றினாலும் முதலில் இருந்ததைக் குறித்து வைக்காமல் கை வைக்கக்கூடாது. பிறகு ஐபி எண், தளத்தின் பெயருக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ் இரண்டுக்கும் ‘ஆட்டோமேட்டிக்கலி’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தேன். நாலைந்து நொடியில் ‘நோ இன்டர்நெட்’ மறைந்தது. ஐபிகான்ஃபிக் மறுபடி அடித்தால் 192.168.1.9.

ஃபார்மட் அடித்திருந்தாலும் இது சரியாகியிருக்கும். எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. சரியாகியிருக்கும், போட்டோக்கள் போயிருக்கும், ஏன் சரியாயிற்று என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வீட்டிலும் அதே மருந்தைக் கொடுப்பார்கள்.

பாப்பா கவுன்சிலிங் தளத்தைத் திறந்தாள். திறக்கவில்லை.

சிவப்பாக ஓர் எச்சரிக்கை. இணைப்பு பாதுகாப்பானது இல்லையாம். வேறு தளத்துக்குப் போனாலும் அதுவேதான். அக்காவின் முகம் வாடிவிட்டது. நான் எச்சரிக்கையின் சின்ன எழுத்துகளைப் படித்தேன். உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று குரோம் சொல்லியது. வலது மூலையைப் பார்த்தால் 2015 ஜனவரி 1.

“இது ஆன் பண்ணும்போதெல்லாம் எஃப் ஒன் அமுக்கச் சொல்லுமா?”

“தெனமும் சொல்லும். அமுக்கிட்டு உள்ள போய்டுவோம்” என்றாள் அக்கா.

தளங்களின் முகவரிக்குப் பக்கத்தில் 2023 வரை குரோமில் ஒரு பூட்டுப் படம் இருந்ததே, அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2015இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் எழுதப்படாத பத்திரம். செல்லாது என்று தள்ளிவிடுகிறது. மூலையில் மட்டும் நெட் இருப்பதாக எப்படிக் காட்டியது என்றால், விண்டோஸ் கேட்கிற அந்த மூன்று வார்த்தைக் கோப்பு பூட்டில்லாத முகவரியில் இருக்கிறது. அதற்குச் சான்றிதழும் கிடையாது, தேதியும் கிடையாது. முன்பு டவரைப் பார்த்து ஏமாந்தோம், இப்போது இந்தக் குறியைப் பார்த்து ஏமாறப் பார்த்தோம்.

தேதியை அப்போதைக்குக் கையால் சரிசெய்தேன். தளம் திறந்தது. பாப்பா வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஆனால் காரணம் உள்ளே இருந்தது. மதர்போர்டில் எட்டணா அகலத்துக்கு வட்டமாக ஒரு வெள்ளி நிற பேட்டரி இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டருக்கு நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளையே கடிகாரத்தை ஓட்டிவிடும். பழைய ஆபீசில் மிஷின் எப்போதும் பிளக்கில் இருந்திருக்கும், பேட்டரி செத்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா வீட்டிலோ ராத்திரி படுக்கும் முன் எல்லா சுவிட்ச்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பாள், அம்மா காலத்துப் பழக்கம். அணைத்த ஒவ்வொரு ராத்திரியும் அது 2015க்குத் திரும்பிப் போனது.

மத்தியானம் பாப்பா சாப்பிட எழுந்தபோது கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். தறிப் பஞ்சு உள்ளே மெத்தை மாதிரி படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் இருந்த சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினேன், அது துள்ளிக்கொண்டு கையில் விழுந்தது. பக்கத்துக் கடையில் அதே எண் போட்ட புதியதை வாங்கி, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அழுத்தினேன். மறுபடி ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் தேதியைப் போட்டுச் சேமித்தேன். எஃப் ஒன் கேட்கவில்லை.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே மற்ற இடங்களில் பார்த்ததையும் அவர்களுக்குச் சொன்னேன். நெட் நிற்கிற இடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று.

ஐபிகான்ஃபிக் அடிக்கும்போது 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், கம்ப்யூட்டர் டோக்கன் கேட்டுக் கேட்டுப் பார்த்து, யாரும் கொடுக்காததால் தானே ஒன்றை எழுதிக்கொண்டது என்று அர்த்தம். பெட்டியை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என் சொந்த வீட்டில் நடந்தது வேறு. ரௌட்டருக்குப் பிங் போகிறது, 8.8.8.8க்கும் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. 8.8.8.8 என்பது 2009இல் கூகுள் ஆரம்பித்த பெயர் விசாரிக்கும் சேவையின் முகவரி. எப்போதும் பதில் சொல்லும் என்பதால் வெளியுலகம் எட்டுகிறதா என்று பார்க்க வசதி. அது பதில் சொல்கிறது என்றால் வழி முழுக்கத் திறந்திருக்கிறது. பின்னே ஏன் தளம் வரவில்லை? கம்ப்யூட்டர்களுக்கு எண்தான் தெரியும், பெயர் தெரியாது. பெயரைச் சொன்னால் எண்ணைக் கொடுக்கிற டிஎன்எஸ் என்ற ஏற்பாடு 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது. என் கம்ப்யூட்டர் போய் விசாரிக்கும் மேசையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் பார்த்த அதே வெர்ஷன் 4 பெட்டியில் டிஎன்எஸ் இடத்தில் மட்டும் 8.8.8.8, அதே மாதிரி இன்னொரு சேவையான 1.1.1.1 என்று எழுதியதும் எல்லாம் திறந்தன.

வைஃபை சேர்ந்தும், விட்டு விட்டு வந்தால் டோங்கிளைப் பார்க்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் அதைப் பின்புறம் செருகுவார்கள். முன்னால் இரும்பு கேபினெட், பக்கத்தில் இரும்பு பீரோ, பின்னால் கருங்கல் சுவர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இரும்பைத் தாண்டாது. போதாததற்கு, பக்கத்தில் இருக்கும் நீல நிற யூஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் செருகினால் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் 2012இலேயே எழுதியிருக்கிறது. ஓரடி யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி டோங்கிளை மேசைமேல் எடுத்து வைத்தால் போதும். இதற்காகப் புது ரௌட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், மனசு கேட்கவில்லை.

ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, லாட்ஜ் வைஃபை என்றால் இன்னொரு படி உண்டு. சேர்ந்த பிறகும் பெயரும் நம்பரும் கேட்கும் பக்கம் ஒன்று வரும், அதைப் பூர்த்தி செய்யும்வரை வாசலிலேயே நிறுத்தி வைப்பார்கள். அந்த மூன்று வார்த்தைக் கோப்புக்குப் பதில் இந்தப் பக்கம் வந்து நிற்பதால் விண்டோஸுக்கும் நெட் இல்லை என்றே தெரியும்.

செல்லிலும் வரவில்லை, யாருக்கும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தால் தெருவிலிருந்து வெளிச்சமே வரவில்லை. நம் ஊர்களில் இழை ஈபி கம்பத்துக்குக் கம்பம் தாவித்தான் வருகிறது. ஒரு மரக்கிளை போதும், ஒரு லாரியின் உயரம் போதும். வீட்டுக்குள்ளேயும் சன்னல் கதவில் நசுங்கும், திரைச்சீலைக் கம்பியில் மடங்கும். உள்ளே ஓடுவது வெளிச்சம் என்பதால் கூர்மையாக மடித்தால் அது வழியிலேயே கசிந்துவிடும். அக்கா வீட்டில் சன்னல் ஓரமாக வந்த இழையை மாமா ஆணியில் இறுக்கிச் சுற்றியிருந்தார். அதை அவிழ்த்து, தட்டு அகலத்துக்குத் தளர்வாக வளைத்து விட்டுவிட்டேன்.

கிளம்பும் முன் தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். முதலில் செல்லில் வருகிறதா பார். வரவில்லை என்றால் சிவப்பு விளக்கு பார். வருகிறது என்றால் ஐபிகான்ஃபிக், எண் 192.168.1இல் தொடங்குகிறதா பார். பிங் 192.168.1.1. பிங் 8.8.8.8. அதற்குக் கீழே, எது வரைக்கும் போகிறது என்று எனக்குச் சொல். பாப்பா அதை கேபினெட் பக்கவாட்டில் செலோ டேப்பால் ஒட்டினாள். அதற்குள் அவள் வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்திருந்தன.

ஐப்பசி மழையில் ஒருநாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. பாப்பா அப்போது ஹாஸ்டலில் இருந்தாள், மாமா தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்.

“தம்பி, செல்லுலயும் வரல. நான் பிங் போட்டுப் பாத்தேன். 192.168.1.1 பதில் சொல்லுது, எட்டு எட்டுக்குப் போவல. பொட்டில சிவப்பு லைட்டு எரியுது.”

“அப்ப கேபிள்காரருக்கு…”

“சொல்லிட்டேன். வூட்டுக்குள்ள எல்லாம் சரியாதான் கீது, வெளிச்சம் வரல, கம்பத்தப் பாருங்கன்னேன். ஏணி எடுத்துகினு வராரு. எதிர் வூட்டுப் புங்க மரம் சாஞ்சி லைன் மேல கெடக்குது.”